மக்கடாமியா: ஒரே பெயருக்குள் நான்கு மரங்கள்

மக்கடாமியா பருப்பைப் பற்றிப் பேசும்போது மூன்று செய்திகள் திரும்பத் திரும்ப வரும். அது ஹவாய்த் தீவுகளின் பருப்பு; அது 'நட்' வகையைச் சேர்ந்த கொட்டை; அதன் தாவரவியல் பெயர் மக்கடாமியா டெர்னிஃபோலியா. மூன்றுமே தவறு. முதல் இரண்டால் யாருக்கும் பெரிய இழப்பில்லை. மூன்றாவது அப்படியல்ல. டெர்னிஃபோலியா என்ற பெயருக்கு உண்மையில் உரிய மரத்தின் பருப்பு சிறியது, கசப்பானது, தின்ன உகந்ததல்ல. நல்ல மரத்துக்கு அந்தப் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது என்று புரிந்தால், தாவரங்களுக்குப் பெயர் வைக்கும் முறையே பெரும்பாலும் புரிந்துவிடும்.

பள்ளிக்கூடத்துப் பாதாம் மரம்

நம் ஊர்ப் பள்ளி மைதானங்களில் அகன்ற இலைகளோடு, கிளைகளை அடுக்கடுக்காகக் குடைபோல விரித்து ஒரு மரம் நிற்கும். சிவந்த பழத்தைக் கடித்துவிட்டு, உள்ளே இருக்கும் ஓட்டைக் கல்லால் உடைத்துப் பருப்பை எடுப்பார்கள் பிள்ளைகள். அதைப் பாதாம் மரம் என்கிறோம். மளிகைக்கடையில் விற்கும் பாதாமோ வேறொரு மரத்தினுடையது. மைதானத்தில் இருப்பது நாட்டு வாதுமை, டெர்மினாலியா கட்டப்பா. கடைப் பாதாம் புரூனஸ் டல்சிஸ், ரோஜாக் குடும்பத்து மரம். இரண்டுக்கும் உறவே இல்லை.

நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் இன்னொரு சான்று. அது ஓக் மரமே அல்ல. அதன் பெயர் கிரெவில்லியா ரோபஸ்டா. சொந்த இடம் கிழக்கு ஆஸ்திரேலியா. மக்கடாமியாவும் அதே பகுதியைச் சேர்ந்தது, அதே புரோட்டியேசி குடும்பத்தைச் சேர்ந்தது. மக்கடாமியாவைப் பார்த்திராத ஊட்டிக்காரர்கூட அதன் நெருங்கிய சொந்தக்கார மரத்தைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். இந்தக் குடும்பத்தில் நம் மண்ணில் இயல்பாகவே வளரும் மரமும் ஒன்று உண்டு: ஹெலிசியா நீலகிரிகா. ஊர்ப்பெயரையே தன் பெயரில் வைத்திருக்கிறது.

வழக்குப் பெயர் ஊருக்கு ஊர் மாறும். ஒரே பெயர் இரண்டு மரங்களைக் குறிக்கும். ஒரே மரத்துக்குப் பத்துப் பெயர் இருக்கும். மக்கடாமியாவும் அப்படித்தான். வெள்ளையர் வருவதற்கு முன்பே ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் அதைப் பல பெயர்களில் அழைத்தார்கள்: ஜிண்டில்லி, பூம்பெரா, கிண்டல் கிண்டல். குடியேறியவர்கள் குயின்ஸ்லாந்து நட் என்றார்கள். பாப்பிள் மலையடியில் விளைவதால் பாப்பிள் நட் என்றும் சொன்னார்கள். இவற்றில் எதுவும் தவறான பெயர் அல்ல. எந்த மரம் என்று உலகில் எங்கிருந்தாலும் ஐயமின்றிச் சொல்ல இவை போதாது, அவ்வளவுதான்.

இனிஷியலும் பெயரும்

தாவரவியல் பெயர் இரண்டு சொற்களால் ஆனது. இந்த முறை நடைமுறைக்கு வந்தது ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் 1753-ல் வெளியிட்ட நூலிலிருந்து. தமிழர்களுக்கு இதை விளக்குவது எளிது, ஏனென்றால் நம் பெயர்களும் இதே வரிசையில்தான் வருகின்றன. முன்னால் தந்தை பெயர், பின்னால் சொந்தப் பெயர். முன்னதை இனிஷியலாகச் சுருக்குகிறோம்.

மக்கடாமியா இண்டெக்ரிஃபோலியா என்பதில் முதல் சொல் பேரினம், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி. இரண்டாவது சொல் அந்தத் தொகுதிக்குள் இருக்கும் ஒரு சிற்றினத்தைச் சுட்டுகிறது. சிற்றினம் என்றால் இயற்கையில் தனித்தன்மையோடு தலைமுறை தலைமுறையாகத் தொடரும் ஒரு வகை. ஒருமுறை முழுப்பெயரைச் சொல்லிவிட்டால் அடுத்த முறை எம். இண்டெக்ரிஃபோலியா என்றாலே போதும். உடன்பிறந்தவர்களுக்கு ஒரே இனிஷியல் இருப்பதுபோல, இந்தப் பேரினத்தில் இன்று நான்கு சிற்றினங்கள் இருக்கின்றன.

ஒரு வேறுபாட்டை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். இனிஷியல் மாறாது, பேரினம் மாறக்கூடும். ஆய்வில் ஒரு சிற்றினம் வேறு தொகுதியைச் சேர்ந்தது என்று தெரியவந்தால், அதன் முதல் சொல் மாறும், இரண்டாம் சொல் பெரும்பாலும் கூடவே போகும். அதைப் பின்னால் பார்ப்போம்.

மக்கடாம் யார்?

ஜான் மக்கடாம் இந்த மரத்தைக் கண்டுபிடித்தவர் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் ஸ்காட்லாந்தில் 1827-ல் பிறந்து மெல்போர்னில் குடியேறியவர். வேதியியலாளர், மருத்துவர், விக்டோரியா குடியேற்ற நாட்டின் அரசியலாளர், அங்கிருந்த தத்துவக் கழகத்தின் செயலாளர். மரத்துக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பில்லை. தாவரவியலாளர் ஃபெர்டினாண்ட் ஃபான் மியூலர் 1857-58-ல் இந்தப் பேரினத்தை உருவாக்கியபோது, நண்பரைச் சிறப்பிக்க அவர் பெயரை வைத்தார். மக்கடாம் 1865-ல், முப்பத்தெட்டு வயதில் இறந்துபோனார்.

அதற்கும் முன்பே, 1843-ல், லுட்விக் லைக்கார்ட் என்ற பயணி இந்த மரத்தின் கிளையைச் சேகரித்திருந்தார். ஆனால் அதை விவரித்துப் பெயரிட்டு வெளியிடவில்லை. தாவரவியலில் முதலில் பார்த்தவருக்கோ பறித்தவருக்கோ பெயரிடும் உரிமை வருவதில்லை. விதிப்படி முதலில் வெளியிட்டவர் வைத்த பெயரே நிற்கும். இதற்கு முன்னுரிமை விதி என்று பெயர். காலங்காலமாகத் தின்று வந்த மக்களின் பெயருக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. அது இந்த முறையின் உண்மையான குறை.

இதுவரை: வழக்குப் பெயர் மக்களின் பழக்கத்தில் வாழ்கிறது. தாவரவியல் பெயர் பேரினம், சிற்றினம் என்ற இரண்டு சொல்லாலானது. முறையாக முதலில் வெளியிட்ட பெயரே செல்லும். மக்கடாம் சிறப்பிக்கப்பட்டவர், கண்டுபிடித்தவர் அல்லர்.

ஆலமர ஸ்டாப்பிங்கில் ஆலமரம் இருக்க வேண்டுமா?

பெயரிடலில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். லத்தீன் பெயரைப் பிரித்துப் பொருள் பார்த்து, மரம் அப்படித்தான் இருக்கும் என்று முடிவுகட்டுவார்கள். டெர்னிஃபோலியா என்றால் மும்மூன்று இலை. டெட்ராஃபில்லா என்றால் நான்கு இலை. இண்டெக்ரிஃபோலியா என்றால் விளிம்பில் வெட்டோ முள்ளோ இல்லாத முழு இலை. இந்தப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தடியில் போய் நின்றால் குழப்பம் உறுதி. மும்மூன்று இலை டெர்னிஃபோலியாவுக்கு மட்டும் உரியதல்ல, இண்டெக்ரிஃபோலியாவுக்கும் உண்டு. இண்டெக்ரிஃபோலியாவின் இளங்கன்றில் இலை விளிம்பு முழுதாக இருக்காது, முள் முள்ளாக இருக்கும்.

பேருந்தில் நடத்துநர் 'ஆலமர ஸ்டாப்பிங்' என்று குரல் கொடுக்கிறார். இறங்கிப் பார்த்தால் ஆலமரம் இல்லை, எப்போதோ வெட்டிவிட்டார்கள். அதற்காக அந்தப் பெயர் பொய்யாகிவிடாது; நாம் இறங்க வேண்டிய இடம் அதுதான். தாவரப் பெயரும் இடத்தைச் சுட்டும் பெயரைப் போன்றது. வருணனை அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம், அதற்குமேல் அதை நம்பக் கூடாது.

அப்படியானால் பெயர் எதில் கட்டப்பட்டிருக்கிறது? வகைமாதிரியில். புதிய சிற்றினத்துக்குப் பெயரிடுபவர், அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டிய ஒரு கிளையைச் சுட்டி, 'இந்தப் பெயர் இதற்கு உரியது' என்கிறார். அந்தக் கிளைதான் வகைமாதிரி. அது ஹெர்பேரியம் எனப்படும் உலர்தாவரக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கும். சந்தையில் ஆயிரம் எடைக்கற்கள் புழங்கலாம். அரசு முத்திரையிடும் அளவுக்கல்லோடு ஒப்பிட்டுத்தான் எது சரி என்று முடிவாகும். வகைமாதிரி அந்த அளவுக்கல்லின் வேலையைச் செய்கிறது. 1958 சனவரி 1 முதல், வகைமாதிரியைக் குறிப்பிடாமல் வெளியிடும் புதிய சிற்றினப் பெயர் செல்லாது.

வகைமாதிரி அந்த இனத்தின் மிகச் சிறந்த கிளையாகவோ, எல்லா மரங்களின் சராசரியாகவோ இருக்க வேண்டியதில்லை. பெயர் நழுவிப் போகாமல் கட்டிவைக்கும் முளைக்குச்சி அது.

ஒரு பெயர் தவறான மரத்தில் ஒட்டிக்கொண்ட கதை

மியூலர் முதலில் விவரித்தது டெர்னிஃபோலியாவை. பேரினத்தில் அப்போது இருந்த ஒரே பெயர் அது. பிற்பாடு காட்டில் கிடைத்த பெரிய பருப்பு மரங்களையும் எல்லோரும் டெர்னிஃபோலியா என்றே அழைத்தார்கள். மும்மூன்று இலை இருந்ததும் அதற்கு வசதியாகப் போயிற்று. விதைகள் கப்பலேறியபோது பெயரும் கூடவே ஏறியது.

1897-ல் தாவரவியலாளர்கள் ஜோசப் மெய்டன், எர்ன்ஸ்ட் பெச்சே இருவரும் வழவழப்பான ஓடுள்ள மரத்தைத் தனிச் சிற்றினமாகப் பிரித்து இண்டெக்ரிஃபோலியா என்று பெயரிட்டார்கள். இருந்தும் பழைய பெயர் விடவில்லை. சொரசொரப்பான ஓடுள்ள மரத்தைத் தொடர்ந்து டெர்னிஃபோலியா என்றார்கள். வழவழ ஓட்டு மரத்தை அதன் ஒரு வகையாக மட்டும் எழுதியவர்களும் உண்டு. 1954-ல் சிட்னி தாவரவியலாளர் எல்.ஏ.எஸ். ஜான்சன் சொரசொர ஓட்டு மரத்துக்கு டெட்ராஃபில்லா என்று பெயரிட்டார். அதன்பிறகுதான் டெர்னிஃபோலியா என்ற பெயர் தன் வகைமாதிரிக்கு உரிய, கசப்புப் பருப்புக் குட்டை மரத்துக்கே திரும்பிப் போனது.

ஆகவே, 1950-களுக்கு முந்தைய வேளாண் நூலில் 'டெர்னிஃபோலியா நல்ல விளைச்சல் தரும்' என்று இருந்தால் ஆசிரியர் பேசுவது பெரும்பாலும் இண்டெக்ரிஃபோலியாவையோ டெட்ராஃபில்லாவையோதான். பழைய நூலைப் படி எடுத்த புதிய குறிப்புகளில் இந்தத் தவறு இன்னும் உயிரோடு இருக்கிறது.

நால்வரையும் அடையாளம் காண்பது

வணிகத் தோட்டங்களில் நிற்பது இரண்டு இனங்களும் அவற்றின் கலப்பும்தான். மற்ற இரண்டும் காட்டு மரங்கள்.

இண்டெக்ரிஃபோலியா குயின்ஸ்லாந்தின் தென்கிழக்குக் காடுகளுக்கு உரியது. ஒரு கணுவில் மூன்று இலை, தெளிவான காம்பு, முதிர்ந்த கிளையில் அலையலையான, முள்ளற்ற விளிம்பு. கொழுந்து வெளிர்பச்சை. பூ பால்வெள்ளை. ஓடு வழவழப்பு.

டெட்ராஃபில்லா இன்னும் தெற்கே, நியூ சவுத் வேல்ஸின் வடகிழக்கு வரை பரவியது. கணுவுக்கு நான்கு இலை, காம்பு இல்லை அல்லது இருப்பதே தெரியாது, விளிம்பு நெடுகக் கூர்முள். கொழுந்து சிவந்திருக்கும், பூ பெரும்பாலும் இளஞ்சிவப்பு, ஓடு சொரசொரப்பு. இதன் பருப்பில் சர்க்கரை கூடுதல். அதனால் வறுக்கும்போது இண்டெக்ரிஃபோலியாவைவிட முன்னதாகவே கருகும். இரண்டையும் கலந்து ஒரே சட்டியில் வறுத்தால் ஒன்று கருகும், மற்றது வேகாது. பெயர் தெரிந்திருப்பதன் பயன் இந்த இடத்தில் நேரடியாகத் தெரியும்.

டெர்னிஃபோலியா பல தண்டுகளோடு வளரும் சிறு மரம். இலை மும்மூன்று, பூ இளஞ்சிவப்பு, கொட்டை ஏறத்தாழ 1 செ.மீ. பருப்பின் கசப்புக்குக் காரணம் சயனைடை வெளிவிடக்கூடிய சேர்மங்கள். கசப்பு மரவள்ளிக்கிழங்கில் இருப்பதும் இதே வகை ஆபத்துதான்.

நான்காவது, ஜான்செனி. ரே ஜான்சென் என்ற கரும்பு விவசாயி 1983-ல் பண்டபெர்க் நகருக்கு வடமேற்கே ஒரு காட்டில் இதைக் கவனித்தார். 1992-ல் அவர் பெயராலேயே முறையாக விவரிக்கப்பட்டது. இதன் பருப்பும் சிறியது, கசப்பானது. ஒரு சிறு காட்டுப் பகுதிக்கு வெளியே இயற்கையில் இது இல்லை. ஒரு காட்டுத்தீ போதும், இனமே போய்விடும். உண்ண உதவாத மரம் என்று ஒதுக்கிவிட முடியாது. நோய் தாங்கும் திறனோ குட்டை உயரமோ வேண்டி நாளைய ரகங்களுக்குப் பண்பு தேடுபவர்கள் இப்படிப்பட்ட காட்டு உறவினரிடம்தான் வந்து நிற்பார்கள்.

மரத்தைச் சோதிக்கும்போது நேரும் பிழைகள் மூன்று. ஒன்று, கன்றின் இலையைப் பார்ப்பது. இளங்கன்றில் இலைகள் இரண்டிரண்டாக வரும், எல்லா இனத்திலும் முள் இருக்கும். எதையும் முடிவு செய்ய முடியாது. இரண்டு, ஒரே கணுவை எண்ணுவது. ஒரே மரத்தில் மூன்றும் நான்கும் வரலாம். வெயில் படும் முதிர்ந்த கிளைகளில் பத்துக் கணுக்களையாவது எண்ணுங்கள். மூன்று, ஒரே ஒரு அடையாளத்தை நம்புவது. இலை எண்ணிக்கை, காம்பு, விளிம்பு, கொழுந்தின் நிறம், பூ, ஓடு ஆறும் ஒரே பக்கம் சாய்ந்தால் தூய இனம் என்று கொள்ளலாம். பாதி இங்கும் பாதி அங்கும் இருந்தால் அநேகமாகக் கலப்பினம்.

சுருக்கமாக: பெயர் வகைமாதிரிக்குக் கட்டுப்பட்டது, அகராதிப் பொருளுக்கு அல்ல. உண்ணத்தக்கவை இண்டெக்ரிஃபோலியா, டெட்ராஃபில்லா. கசப்பவை டெர்னிஃபோலியா, ஜான்செனி.

வீடு மாறிய இனங்கள்

பழைய நூல்களில் மக்கடாமியாவின் சிற்றினங்கள் நான்குக்கும் மேலே போகும். வட குயின்ஸ்லாந்திலும் இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலும் வளரும் சில மரங்களும் அதில் அடங்கியிருந்தன. மரபணு ஒப்பீட்டில் அவை மற்ற நான்கோடு ஒரே கிளையில் சேரவில்லை என்று தெரிந்தது. ஒரு பேரினம் என்றால் ஒரு மூதாதையின் வாரிசுகள் எல்லோரும் அதில் இருக்க வேண்டும், பிறத்தியார் இருக்கக் கூடாது. எனவே 2008-ல் அவற்றுக்கு லாஸ்ஜியா என்ற புதிய பேரினம் பிறந்தது. மக்கடாமியா வீலனி லாஸ்ஜியா வீலனி ஆனது. மக்கடாமியா ஹில்டெபிராண்டி லாஸ்ஜியா ஹில்டெபிராண்டி ஆனது. முதல் சொல் மாறிற்று, இரண்டாவது சொல் கூடவே போயிற்று.

லாஸ்ஜியா என்ற சொல் எங்கிருந்து வந்தது? டெட்ராஃபில்லாவுக்குப் பெயரிட்ட எல்.ஏ.எஸ். ஜான்சனின் பெயரின் ஆங்கில முதலெழுத்துகளைச் (L, A, S, J) சேர்த்துப் படித்தால் லாஸ்ஜ். ஓர் அறிஞரின் இனிஷியலே ஒரு பேரினமாகிவிட்டது.

'அறிவியல் பெயர் அடிக்கடி மாறுகிறதே' என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. உறவைப் பற்றிய நம் அறிவு திருந்தும்போது பெயர் அதைக் காட்டித்தான் ஆக வேண்டும். பெயரைக் கட்டிவைத்த வகைமாதிரி காப்பகத்தில் அப்படியே இருக்கிறது.

கொட்டையா, விதையா?

தமிழில் 'கொட்டை' என்பது தாராளமான சொல். புளியங்கொட்டை, மாங்கொட்டை, முந்திரிக்கொட்டை எல்லாமே அதில் அடங்கும். தாவரவியலில் 'நட்' என்பதோ குறுகிய பொருளுடையது: தானாக வெடிக்காத, கனிச்சுவரே கெட்டியான ஓடாக மாறிய உலர்கனி. ஹேசல்நட் அப்படிப்பட்டது.

மக்கடாமியா காயை எடுத்துப் பாருங்கள். வெளியே பச்சைத் தோல். அதுதான் கனிச்சுவர். முற்றியதும் ஒரு பக்கத்தில் மட்டும் கோடு போட்டதுபோல வெடிக்கும். எருக்கங்காய் ஒரு பக்கம் பிளந்து பஞ்சு பறக்கவிடுமே, அதே வகை. பெயர் ஒருபுற வெடிகனி. அவரை, பட்டாணி போன்றவை இரு பக்கமும் வெடிப்பவை.

பச்சைத் தோலுக்குள் உருளும் பழுப்பு உருண்டை முழுவதுமே விதை. சுத்தியலால்கூட எளிதில் உடையாத அந்த ஓடு விதையின் தோல்தான். மாங்கொட்டையின் ஓடு கனிச்சுவரின் உட்பகுதி. புளியங்கொட்டையின் பழுப்புத் தோல் விதையுறை. மக்கடாமியாவின் ஓடு புளியங்கொட்டையோடு சேரும், மாங்கொட்டையோடு அல்ல. உள்ளே நாம் தின்னும் வெள்ளைப் பருப்பு, நிலக்கடலை போலவே இரண்டு விதையிலைகளால் ஆன கரு.

ரகப் பெயர்: மூன்றாவது சொல்

தோட்டக்காரருக்குச் சிற்றினப் பெயர் மட்டும் போதாது. மக்கடாமியா பெரும்பாலும் அயல்மகரந்தச் சேர்க்கையில் காய்ப்பது. ஒரு நல்ல மரத்தின் நூறு விதைகளை நட்டால் நூறு விதமான மரங்கள் வரும். ஓட்டின் தடிமன், காய்க்கும் காலம், பருப்பளவு எதுவும் தாயைப் போல இருக்கும் என்று சொல்ல முடியாது. தாய்மரத்தின் குச்சியை எடுத்து ஒட்டுக்கட்டினால்தான் பண்பு அப்படியே வரும். அப்படிப் பண்பு மாறாமல் பெருக்கிய வகைக்குப் பயிர்ரகம் என்று பெயர்.

தொடக்கத்தில் மக்கடாமியா ஒட்டு பிடிக்கவே இல்லை. ஒட்டுக்குச்சி எடுப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே கிளையின் பட்டையை வளையமாக நீக்கிவிட்டால், இலையில் தயாராகும் உணவு கீழே இறங்க வழியின்றிக் குச்சியிலேயே மாச்சத்தாகச் சேரும். அந்தக் குச்சி பிடிக்கும். 1930-களில் ஹவாயில் இது தெளிவானது. அதன்பிறகுதான் 1948-ல் அங்கே கியாஹோ, காகேயா முதலான முதல் ரகங்களுக்குப் பெயர் சூட்ட முடிந்தது. மரம் ஆஸ்திரேலியாவினுடையது, தோட்டப்பயிராக அதை உருவாக்கியதில் ஹவாய்க்குப் பெரும்பங்கு. ஹவாய்ப் பருப்பு என்ற தவறான எண்ணம் இங்கிருந்துதான் பிறந்தது. ஹவாய் ரகங்களின் மரபணுவைப் பின்தொடர்ந்து போன ஆய்வு, குயின்ஸ்லாந்தின் கிம்பி நகருக்கு அருகிலுள்ள ஒரு சிறு காட்டுத் தொகுதியில் போய் நின்றது. அதாவது உலகத் தோட்டங்கள் பலவும் மிகக் குறுகிய மரபு அடித்தளத்தில் நிற்கின்றன.

ரகப் பெயரை ஒற்றை மேற்கோள் குறிக்குள் எழுதுவது வழக்கம்: மக்கடாமியா இண்டெக்ரிஃபோலியா 'கியாஹோ'. இரண்டு இனங்கள் கலந்த ரகமானால் சிற்றினப் பெயரை விட்டுவிட்டு மக்கடாமியா 'போமாண்ட்' என்று எழுதலாம். பெற்றோரைச் சொல்ல விரும்பினால் இரு சிற்றினங்களுக்கும் நடுவே பெருக்கல் குறி.

நாற்றங்காலில் கன்று வாங்குபவர் அட்டையில் மூன்றைப் பார்க்க வேண்டும். ரகப் பெயர் இருக்கிறதா? ஒட்டுக்கன்றா, விதைக்கன்றா? தண்டில் ஒட்டுப்போட்ட தழும்பு கண்ணுக்குத் தெரிகிறதா? 'போமாண்ட் விதைக்கன்று' என்று எழுதியிருந்தால் அது போமாண்ட் அல்ல, போமாண்ட்டின் பிள்ளை மட்டுமே. காய்க்கவும் ஒட்டுக்கன்றைவிடச் சில ஆண்டுகள் கூடுதலாக எடுக்கும். ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் கிளையை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். விட்டால் அது வேர்ச்செடியின், அதாவது ஒட்டுக்கு அடியில் வேரோடு இருக்கும் செடியின், கிளையாக வளர்ந்து மேலே உள்ள ரகத்தை அடக்கிவிடும். பத்து ஆண்டு கழித்து 'கியாஹோ மரத்தில் முள் இலையும் சிவந்த கொழுந்தும் வந்துவிட்டது' என்று யாராவது சொன்னால், ரகம் மாறவில்லை. அடியில் வேர்ச்செடியாக இருந்த டெட்ராஃபில்லா மேலே ஏறிவிட்டது.